இரண்டு வண்டிக்கு நடுவே ஓர் அடுப்பு

பேச்சிராஜ் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். வயது ஐம்பதைத் தொடப்போகிறது. துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றி, ஒரகடத்தைச் சுற்றியுள்ள கம்பெனிகளில் கொண்டுவந்து இறக்குகிற டிரெய்லர் வண்டி ஓட்டுகிறார். நெற்றியில் திருநீறு இல்லாமல் ஒருநாளும் சாவியைத் தொட்டதில்லை. குடி கிடையாது. பீடி சிகரெட் கிடையாது. மகள் கனிஷ்கா பிறந்தபோது தாயும் பிள்ளையும் பிழைத்தால் போதும் என்று திருச்செந்தூரானிடம் வேண்டிக்கொண்டு கறி மீனை விட்டவர், இன்றுவரை தொடவில்லை. இப்படி ஒழுங்காக இருக்கிற மனிதருக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது என்று கேட்கத் தோன்றும். குறை இருந்தது. அவரோடு பேச ஆள் இல்லை.

இதெல்லாம் ஒரு குறையா என்று வீட்டில் இருக்கிறவர்கள் கேட்பார்கள். வீட்டில் இருக்கிறவர்களுக்கு அது தெரியாது.

முன்பு வண்டிக்கு ஒரு கிளீனர் உண்டு. பேச்சிராஜோடு கடைசியாக ஓடியவன் இசக்கி. சரியான சண்டைக்காரன். சாப்பாட்டில் உப்புக் குறைந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். ஆனால் “எடப்பக்கம் பைக் ஒட்டி வாரான் அண்ணாச்சி” என்று சொல்ல ஒரு வாய் இருந்தது. பேச்சிராஜின் கழுத்து லேசாகத் தொய்வதைப் பார்த்துவிட்டால் போதும், ஊர்க் கோயில் கொடையில் நடந்த பழைய தகராறு ஒன்றை வேண்டுமென்றே தப்பும் தவறுமாகச் சொல்லுவான். அதைத் திருத்தப் போய் இவருக்குத் தூக்கம் கலைந்துவிடும். பிறகு கம்பெனிக்காரர்கள் கேமரா வைத்துவிட்டோம், பெரிய கண்ணாடி வைத்துவிட்டோம், இரண்டாவது ஆள் எதற்கு என்று சொல்லிவிட்டார்கள். இசக்கி ஊர்ப்பக்கம் ஒரு மில்லுக்குப் போய்விட்டான். அவன் உட்கார்ந்த சீட்டில் இப்போது ஒரு தண்ணீர்க் கேனும் மடித்த போர்வையும் உட்கார்ந்து வருகின்றன.

வல்லம் வடகாலை ஒட்டிய அந்தக் கம்பெனியின் யார்டில் வண்டிகள் வரிசையில் நிற்கும். டோக்கன் நம்பர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சில நேரம் அன்றைக்கே வரும். சில நேரம் மறுநாளும் வராது. வரிசை நகரும்போது டிரைவர் சீட்டில் இல்லாவிட்டால் வண்டியைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். கக்கூஸ் யார்டின் அந்தக் கோடியில் இருந்தது. போய் வருவதற்குள் வரிசை நகர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று பேச்சிராஜ் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். சித்திரை வெயிலில் கேபினுக்குள் உதடு வெடிக்க உட்கார்ந்திருப்பார். கால் வீங்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். நாக்கு சும்மா கிடந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் முருகா என்று சொன்னால் குரல் கரகரத்துக்கொண்டு வரும். காலையிலிருந்து அதுதான் முதல் வார்த்தையாக இருக்கும்.

ஊரிலிருந்து மனைவி வேல்விழி தினமும் போன் பண்ணுவாள்.

“சாப்ட்டீகளா?”

“சாப்ட்டேன். பிள்ள எங்க?”

“டியூசன் போயிருக்கா. வேற என்ன?”

“வேற ஒண்ணுமில்ல.”

வேறு என்னதான் சொல்வது? வண்டி நின்றது, நிற்கிறது என்று சொல்லலாம். அதை எத்தனை நாள் சொல்வது? பேங்கிலிருந்து கடன் வேண்டுமா என்று கேட்டு ஒரு பெண்பிள்ளை போன் பண்ணினால்கூட, “சொல்லுங்கம்மா” என்று கடைசிவரை கேட்டுவிட்டு, வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல் யோசித்துச் சொல்கிறேன் என்பார்.

ஒருநாள் பட்டப்பகலில் ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்துகொண்டிருந்தார். திடீரென்று பக்கத்தில் ஒரு பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். பார்த்தால் மறைமலை நகர் பின்னால் போய்விட்டது. அதை எப்படிக் கடந்தார், சிக்னலில் நின்றாரா நிற்கவில்லையா, எதுவும் நினைவில்லை. தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. உள்ளே ஆள் இல்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து வெகுநேரம் கிடந்தார். முருகன்தான் காப்பாற்றினான். ஆனால் அவன் எத்தனை தடவை காப்பாற்றுவான்?

யார்டில் ஆள் இல்லாமல் இல்லை. சாயங்காலமானால் இரண்டு வண்டிகளுக்கு நடுவே தார்ப்பாய் கட்டி, அடுப்பைப் பற்றவைத்து, கூட்டாகச் சமைப்பார்கள். சீட்டாட்டம் நடக்கும். பாட்டில் திறக்கும். கறி கொதிக்கும். இவர் இது எதிலும் சேராதவர். போய் நின்றால் ஒதுங்கி வழிவிடுவார்கள். வழிவிட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். “சாமியார் வண்டி” என்று அவர் டிரெய்லருக்கே பேர் ஆகிவிட்டது.

வரிசை வளைந்து கேட்டுக்குத் திரும்புகிற இடத்தில் காவேரி தள்ளுவண்டியில் டீ விற்றாள். அவள் வீட்டு நிலமும் கம்பெனிகளுக்காக எடுத்த எஸ்டேட்டுக்குள் போன நிலம்தான். புருஷன் பாபு பக்கத்துக் கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறான். அவள் மட்டும் “இன்னா சாமி, மூஞ்சி வாடிக்கீது, ராத்திரி தூங்கலியா?” என்று கேட்பாள். கிளாஸைக் கழுவிக்கொண்டே மாமியார் கதை, மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கிற கதை எல்லாம் சொல்வாள். இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். டீக்கடை என்றால் வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசத்தானே செய்வார்கள் என்று அதை அவர் ஒரு பேச்சாகக் கணக்கில் எடுக்கவில்லை.

அப்போதுதான் யார்டில் மெடிக்கல் கேம்ப் வந்தது.

கேட் பாஸைப் புதுப்பிக்க உடம்பைச் சோதித்துக் காட்ட வேண்டும். ஷாமியானா போட்டு, நம்பர் ஒட்டிய சின்ன பிளாஸ்டிக் டப்பாவை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, கக்கூஸுக்கு அனுப்புவார்கள். சிறுநீரில் சர்க்கரை தெரிந்தால்தான் விரலில் குத்தி ரத்தம் பார்ப்பார்கள். ரத்தத்திலும் இருந்தால் பாஸை நிறுத்தி வைப்பார்கள். நிறுத்தி வைப்பது என்றால் வைத்தியத்துக்கு அனுப்புவது என்று அர்த்தமில்லை. வண்டியைவிட்டு இறங்கு என்று அர்த்தம். சாவியை வாங்க வேறொருவன் கேட்டில் காத்துக்கொண்டிருப்பான். அதனால் சர்க்கரை இருக்கிறவன் மாத்திரை சாப்பிட மாட்டான். மாத்திரை சட்டைப் பையில் இருந்தால் எவனாவது பார்த்துவிடுவான் என்ற பயம்.

கக்கூஸுக்குப் போகிற வழியில் புருஷோத்தமன் இவர் கேபின் படியில் காலை வைத்து ஏறினான். வல்லத்துக்காரன், மலைபோல உடம்பு, யார்டின் அந்தக் கோடிவரை கேட்கிற சிரிப்பு. அந்த அடுப்புக் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன்.

“அண்ணாச்சி, ஒரு ஒத்தாச.”

“சொல்லுய்யா.”

டப்பாவை நீட்டினான். “இதுல கொஞ்சம் உன்னுது வோணும்.”

பேச்சிராஜுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது சூடாகிவிட்டது.

“அது தப்புய்யா. நான் பொய் சொல்ல மாட்டேன்.”

“உன்ன யாரு பொய் சொல்லச் சொன்னது? ஒண்ணுக்குப் போ, அது போதும். மிச்சப் பொய்ய நான் சொல்லிக்கறேன்.” சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்: “இந்த வண்டியவுட்டு இறக்கிட்டா நான் எங்க அண்ணாச்சி போவேன்? நெலம் இல்ல. வேற தொழில் தெரியாது.”

ஒரு மனிதன் தன் வண்டிப் படியில் ஏறி, முகத்துக்கு நேராக நின்று, அண்ணாச்சி என்று கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று பேச்சிராஜ் நினைத்துப் பார்த்தார். டப்பாவை வாங்கிக்கொண்டார். புருஷோத்தமனுக்குப் பின்னால் இன்னொருவனும் கூச்சத்தோடு ஒரு டப்பாவை நீட்டினான். அவன் தமிழ்வாணன், இளவயதுக்காரன், அவனுக்கும் சர்க்கரை. அன்றைக்குப் பேச்சிராஜ் கேனில் இருந்த தண்ணீர் அவ்வளவையும் குடித்தார்.

அன்று சாயங்காலம் கேபின் கதவை யாரோ தட்டினார்கள்.

“இன்னா அண்ணாச்சி, உள்ள குந்தினு இன்னா பண்ற? வா, சோறு ஆறுது.”

அடுப்படியில் இவருக்கென்று ஒரு சின்னச் சட்டி புதிதாக வந்திருந்தது. அதில் கத்தரிக்காய்க் குழம்பு. “இது சாமியார் சட்டி. எவனாச்சும் இதுல கறிக் கரண்டிய வுட்டா கைய ஒடிச்சிடுவேன்” என்றான் புருஷோத்தமன்.

“பின்ன, அண்ணாச்சி உடம்பக் கெடுத்துட்டா அடுத்த கேம்புக்கு எங்க போறது?” என்றான் தமிழ்வாணன். எல்லாரும் சிரித்தார்கள். பேச்சிராஜும் சிரித்தார். சிரித்தபோது கன்னம் வலித்தது.

அதன் பிறகு வந்த மாதங்கள் அவருக்கு நல்ல மாதங்கள். அதை இல்லை என்று சொல்லக்கூடாது. வயிறாரச் சாப்பிட்டார். அவர் கக்கூஸுக்குப் போனால் யாராவது அவர் வண்டியை நகர்த்தி வைத்தார்கள். அதனால் தண்ணீர் குடித்தார். கால் வீக்கம் வடிந்தது. படுத்தால் தூக்கம் வந்தது. ரோட்டில் போகும்போது காதில் மாட்டுகிற போனில் புருஷோத்தமன் கூடவே வருவான். “எங்க கீற அண்ணாச்சி? சிங்கப்பெருமாள் கோவில் கேட்டாண்ட டிராபிக்கு, ஓரமா வா. அந்த சூரசம்ஹாரக் கதைய அன்னிக்குப் பாதியில வுட்டியே, சொல்லு.” பேச்சிராஜ் கதை சொல்லிக்கொண்டே ஓட்டுவார். மறைமலை நகரில் நடந்ததுபோல அப்புறம் ஒருநாளும் நடக்கவில்லை.

புருஷோத்தமனுக்கு வீடு பைக்கில் போனால் கால்மணி நேரம். ஆனாலும் யார்டிலேயே கிடந்தான். ஒருநாள் ஏன் என்று கேட்டார்.

“வூட்டுக்குப் போனா எல்லாம் எழுந்து நிக்கறாங்க அண்ணாச்சி, விருந்தாளி வந்தா மாறி. புள்ள அவன் ரூமுக்குப் போய்டறான். அவ டிவிய நிறுத்திடறா. நான் எப்ப கெளம்புவேன்னு பாத்துனு கீறாங்க. இங்கன்னா நீங்கல்லாம் கீறீங்க.”

அவனுக்கும் பேச ஆளில்லாத இதே நோய்தான் என்று பேச்சிராஜுக்குத் தெரிந்தது. இவர் அதை வாயை மூடிக்கொண்டு அனுபவித்தார், அவன் சத்தமாகச் சிரித்துக்கொண்டு அனுபவித்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐப்பசி வாக்கில் ஒரு சாயங்காலம் புருஷோத்தமன் வலது கால் சேஃப்டி ஷூவைக் கழற்றினான். உள்ளேயிருந்து ஒரு நட்டு உருண்டு விழுந்தது. சின்ன நட்டு இல்லை. கட்டைவிரல் பருமன். சாக்ஸ் ரத்தத்தில் ஊறி ஒட்டிக்கொண்டிருந்தது. பாதத்தில் நட்டின் அச்சு அப்படியே குழியாகப் பதிந்திருந்தது.

“காலையில போட்ட ஷூ. எப்ப உள்ள போச்சுன்னே தெரியல” என்றான் அவன், ஏதோ வேடிக்கைபோல.

“வலிக்கலியா?”

“எங்க வலிக்குது. ஒரு வருசமா அந்தக் காலு மரத்துதான் கீது. பஞ்சு மேல நடக்கற மாறி.”

பேச்சிராஜ் சோற்றைத் தள்ளி வைத்தார். மரத்த காலோடு இவன் இத்தனை டன் சுமையை எப்படி நிறுத்துகிறான்? பெடலில் கால் இருக்கிறதா இல்லையா என்பது இவனுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் டீக் குடிக்கப் போனபோது காவேரியும் புருஷோத்தமனைப் பற்றியே பேசினாள். “சாமி, உன் பேச்சதான் அவரு கேப்பாரு. எடுத்துச் சொல்லேன். அன்னிக்கு ஒருநாள் இங்க வந்து ஒரு செருப்ப வுட்டுட்டு வெறும் காலோட போறாரு. கூப்ட்டுச் சொன்னாதான் தெரியுது. நான் சக்கர இல்லாம டீ போட்டுக் குடுத்தா கப்ப வெச்சிட்டுப் போய்டறாரு.”

“சொல்லுதேம்மா” என்றார்.

சொன்னார். “ஆஸ்பத்திரிக்கு வாய்யா, நான் கூட வாரேன்” என்று கையைப் பிடித்துச் சொன்னார். அவன் “இந்தக் கேம்ப் முடியட்டும், பாஸு கைக்கு வந்துட்டா போலாம்” என்றான்.

கேம்ப் வந்தது. இந்தத் தடவை இரண்டு நாள். முதல் நாள் புருஷோத்தமன் டப்பாவோடு வந்தான். பேச்சிராஜ் காலையிலேயே திருநீறு பூசும்போது முடிவு பண்ணி வைத்திருந்தார்.

“வேண்டாம்யா. தரமாட்டேன். நீ வண்டி ஓட்டுத நிலையில இல்ல.”

அவன் கெஞ்சுவான், திட்டுவான் என்று எதிர்பார்த்தார். அவன் ஒன்றும் செய்யவில்லை. “சரி அண்ணாச்சி. உன் மனசுக்குப் பட்டத செய்” என்று சொல்லி இறங்கிப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் கதவை யாரும் தட்டவில்லை. எண்ணெய் காய்கிற மணம் வந்தது. சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தமிழ்வாணன் வந்தான். கையில் அந்தச் சின்னச் சட்டி. கழுவித் துடைத்திருந்தது. அதைக் கேபின் படியில் வைத்தான்.

“உங்க சட்டி” என்றான். இத்தனை நாள் நீ என்றவன் நீங்க என்று மாறியிருந்தான். முகத்தைப் பார்க்கவில்லை. போய்விட்டான்.

பேச்சிராஜ் சட்டியை எடுத்துப் பக்கத்து சீட்டில் போர்வைமேல் வைத்தார். பிஸ்கட் இருந்தது. தின்னத் தோன்றவில்லை. கந்தனை நினைத்துக் கண்ணை மூடினார். நாமம் வரவில்லை. அடுப்பைச் சுற்றி யார் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்பதுதான் வந்தது. தன் இடத்தில் இப்போது எவன் உட்கார்ந்திருப்பான்? நாளையும் இப்படித்தான், மறுநாளும் இப்படித்தான், வண்டி ஓட்டுகிற காலம் வரைக்கும் இப்படித்தான் என்று நினைத்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் கேட்ட அந்த ஹாரன் மறுபடி காதில் கேட்டது. பிறகு மனசு மெல்லச் சமாதானம் சொல்ல ஆரம்பித்தது. அவன் எத்தனை வருஷமாக ஓட்டுகிறான், ஒரு கீறல் விழுந்திருக்கிறதா? பாஸ் கைக்கு வந்தால் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறானே? வண்டியைவிட்டு இறக்கினால் அவன் குடும்பம் நடுத்தெருவில் நிற்காதா? தான் செய்வது உதவிதான், பாவமில்லை என்று மனசு சொன்னது. அந்த மனசைக் கொடுத்தவனும் முருகன்தானே என்று நினைத்துக்கொண்டார்.

விடிந்ததும் தானே இறங்கிப் போனார். புருஷோத்தமன் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

“டப்பாவக் குடு.”

அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு ஈரக் கையை இவர் தோளைச் சுற்றிப் போட்டான். அந்தக் கையின் கனம் அப்போது இவருக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் பேச்சிராஜ் தன் தோளைத் துடைத்துக்கொள்வார்.

பாஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்கு அவன் வரவில்லை. தீபாவளி லோடு முடியட்டும் என்றான். பிறகு மழை விடட்டும் என்றான். இவர் சொல்லிப் பார்த்தார். ஒரு அளவுக்கு மேல் சொல்லவில்லை. சட்டி மறுபடியும் படிக்கு வந்துவிடுமோ என்று பயந்தார்.

கார்த்திகையில், மழை விட்டு வெயில் அடித்த ஒரு மத்தியானம், வரிசை நகர்ந்தது. புருஷோத்தமன் வண்டி முன்னால், பேச்சிராஜ் வண்டி அதற்குப் பின்னால். வளைவில் ஊர்ந்து வந்து நிற்க வேண்டிய இடத்தில் முன்வண்டி நிற்கவில்லை. உறுமிக்கொண்டு பாய்ந்தது. டீ வடிகட்டிக்கொண்டிருந்த காவேரி தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவ்வளவுதான் அவளுக்கு நேரம் இருந்தது. தள்ளுவண்டியையும் அவளையும் காம்பவுண்டுச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டுத்தான் அது நின்றது.

பேச்சிராஜ் ஓடினார். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. புருஷோத்தமன் கீழே இறங்கி, மண்ணில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் ஒன்றையே சொன்னான். “பிரேக்லதான்யா கால வெச்சேன். சத்தியமா பிரேக்லதான் வெச்சேன்.” சொல்லும்போது அவன் வலது கால் மண்ணை அழுத்திக்கொண்டே இருந்தது. பிரேக் என்று நினைத்து எதை அழுத்தினான் என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை.

போலீஸ் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனது. ஊதச் சொல்லிப் பார்த்தார்கள், குடிக்கவில்லை. கேம்ப் ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள், சர்க்கரை இல்லை, ஒரு நோயும் இல்லை. டிரைவர் நல்ல ஆரோக்கியம். இரண்டு நாளில் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். அடுத்த வாரம் யார்டில் எல்லா டிரைவர்களையும் நிற்கவைத்து சேஃப்டி ஆபீசர் ஸ்ரீதர் பேசினார். ரோட்டு வளைவில் அனுமதி இல்லாமல் கடை போட்டிருந்தார்கள், டிரைவருக்குத் திரும்ப இடம் இல்லை, இனி கேட் பக்கத்தில் எந்தக் கடையும் இருக்கக்கூடாது என்றார். தப்பு செத்தவள் தலையில் ஏறியது. டிரைவர்கள் தலையை ஆட்டினார்கள். பேச்சிராஜ் மட்டும் ஸ்ரீதரின் அறைக்குப் போனார்.

“சார், அந்தப் பொம்பள மேல தப்பில்ல. புருஷோத்தமனுக்குச் சர்க்கர. காலு மரத்துப்போச்சு. கேம்புல அவன் பேர்ல குடுத்தது என்னோட யூரின்.”

ஸ்ரீதர் முப்பது வயதுப் பையன். கெட்டவன் இல்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து இவர் கையில் கொடுத்தான்.

“உக்காருங்க பேச்சிராஜ். இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்ல.”

“நல்லது. இத இப்ப சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? உங்க பாஸ் போகும். புருஷோத்தமன் தெரிஞ்சே ஓட்டினான்னு உள்ள போவான். கேம்ப நான்தான் நடத்தினேன், என் வேலை போகும். இந்த யார்டுல எத்தனை பேர் உங்களுத வாங்கிருக்காங்களோ அத்தனை பேரும் வீட்டுக்குப் போவாங்க. அந்தம்மா திரும்பி வருவாங்களா?”

“வரமாட்டா சார். ஆனா தப்பு அவ மேல நிக்குதே.”

“செத்தவங்களுக்கு அது என்னங்க?” என்றான் ஸ்ரீதர். சொன்ன பிறகு அவனுக்கே கூசியிருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “நீங்க எதுவும் சொல்லல. நான் எதுவும் கேக்கல. போய் வண்டிய எடுங்க.”

செய்தி எப்படியோ அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றைக்கு யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதற்கு மாறாக, எல்லாரும் தேடித் தேடி வந்து பேசினார்கள். தமிழ்வாணன் சட்டியில் குழம்பை ஊற்றிக்கொண்டு கேபினுக்கே வந்தான். “சாப்டு அண்ணாச்சி. நடந்தது நடந்துபோச்சு. நம்ம ஆளுங்கள நாமதான் பாத்துக்கணும்.” புருஷோத்தமன் போன் பண்ணினான். அந்தப் பெரிய சிரிப்பு போய், குரல் நூலாகியிருந்தது.

“அண்ணாச்சி, என்னக் காட்டிக் குடுத்துடாத. நான் தூங்கியே எத்தினி நாளாச்சு. கண்ண மூடினா அந்தம்மா நிமுந்து பாக்குது. எனக்கு உன்னவுட்டா யாரு கீறா?”

பேச்சிராஜ் போனை வைத்துவிட்டுக் குழம்பைப் பார்த்தார். முருங்கைக்காய் போட்டிருந்தார்கள். அவருக்குப் பிடிக்கும் என்று தெரிந்து போட்டிருந்தார்கள். சட்டியோடு எடுத்துக்கொண்டு போய் சாக்கடையில் கொட்டினார்.

மறுநாள் லோடை இறக்கிவிட்டு, விசாரித்துக்கொண்டு பாபுவின் வீட்டுக்குப் போனார். எஸ்டேட்டின் மதில் ஓரமாக ஒதுங்கிப்போன தெரு. வாசலில் தண்ணீர் தேங்கி, அதில் செங்கல் போட்டு வழி பண்ணியிருந்தார்கள். காவேரி சொன்ன அதே தண்ணீர். பாபு கேன்டீன் யூனிபாரத்தோடு உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தான். இவர் நெற்றியையும் கழுத்து ருத்திராட்சத்தையும் பார்த்தான்.

“டிரைவரு சாமி நீதானா?”

“நான்தான்.”

“காவேரி சொல்லும். வூட்டுக்கு வந்தா உன்னப் பத்தி சொல்லும். ‘அந்தாளு கூட யாரும் பேச மாட்டறாங்கய்யா, பாவமா கீது, நான்தான் டெய்லி எதனா கதைய இழுத்துப் பேசவெக்கறேன். நான் பேசலன்னா அந்தாளுக்குப் பைத்தியம் புடிச்சிடும்’னு சொல்லும். நான்கூட கிண்டல் பண்ணுவேன், யாருடி அது உன் சாமின்னு.”

பேச்சிராஜ் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தார். மாமியார் கதை, மழைக் கதை எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றில் ஒன்றுக்குக்கூட அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டதில்லை.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். டப்பா, நட்டு, சட்டி, அந்த ஒரு சாயங்காலம், விடிந்ததும் தானே போய்க் கேட்டது வரை, ஒன்றையும் மறைக்காமல். இடையில் பாபு ஒருதடவை மட்டும் கேட்டான்.

“ஒரு சட்டி சோத்துக்கா குடுத்த?”

“சோத்துக்கில்லய்யா.”

“பின்ன?”

பேச ஆள் வேண்டும் என்பதற்காக என்று இந்த வீட்டில், இவன் முன்னால் உட்கார்ந்து எப்படிச் சொல்வது?

பாபு எழுந்தான். அடித்துவிடுவான் என்று நினைத்தார். அடித்தால் நல்லது என்றும் நினைத்தார். அவன் ஆணியில் மாட்டியிருந்த பைக் சாவியை எடுத்தான்.

“அங்க அல்லாரும் எம் பொண்டாட்டி ரோட்ல கடை போட்டதால செத்தாள்னு சொல்றான். கேன்டீன்ல தட்டு கழுவும்போது என் காது படவே சொல்றான். ஸ்டேஷன்ல வந்து இத சொல்லுவியா?”

“சொல்லுதேன்.”

“உன் ஆளுங்க உன்ன வுட மாட்டானுங்க.”

“தெரியும்.”

“வா.”

வெளியே வந்து பாபு பைக்கை உதைத்தான். பேச்சிராஜ் செங்கல்மேல் கால் வைத்துத் தாண்டி வந்து பின்னால் ஏறினார். சட்டைப் பையில் போன் அடித்தது. யார் என்று எடுத்துப் பார்க்காமல் அணைத்தார். ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. பைக் தூக்கிப் போட்டது. பிடித்துக்கொள்ள முன்னால் இருந்தவன் தோள் ஒன்றுதான் இருந்தது. அதைத் தொடத் துணியாமல், இரண்டு கைகளையும் தன் மடியிலேயே இறுக்கி வைத்துக்கொண்டு, ஸ்டேஷன் வரை ஆடி ஆடிப் போனார்.